உள்ளூருக்கா, வெளிநாட்டுக்கா: தர்மப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறை

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். வெளிநாட்டிலிருந்து பணம் வருவதையும் இங்கிருந்து போவதையும் பார்த்துப் பழகியவள் என்பதால், தெரிந்தவர்கள் ஒரு கேள்வியை என்னிடம் கொண்டுவருவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருப்பவருக்கும் அதே கேள்வி, சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறை நடத்துபவருக்கும் அதே கேள்வி. தர்மத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை நம் ஊரிலேயே கொடுத்துவிடலாமா, ஆப்பிரிக்கா போல இதைவிடக் கஷ்டப்படுகிற இடத்துக்கு அனுப்பலாமா?

இரண்டும் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி செய்யக் கூடாது. பக்கத்தில் கொடுப்பதில் உள்ள பெரிய சாதகம், நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது. போய்ப் பார்க்காமல் கொடுப்பவருக்கு அம்மாபேட்டையும் ஆப்பிரிக்காவும் ஒரே தூரம்தான். தூரத்தில் கொடுப்பதில் உள்ள சாதகம், அதே ரூபாய் அங்கே இன்னும் பெரிய வேலை செய்யக்கூடும் என்பது. அந்த வேலை நடந்ததா என்று எண்ணிக் காட்டாத அமைப்புக்கு அனுப்பினால் அந்தச் சாதகம் நம் கைக்கு வராது.

தொகை முதலில்

யாருக்கு என்று யோசிக்கும் முன்னால் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். ஏப்ரல் மாதமே செய்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் ஒரு குழந்தையின் படம் வந்து நெஞ்சு பதறும் நேரத்தில் முடிவெடுத்தால், நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கே பணம் போகும். தேவை இருந்தும் கேட்கத் தெரியாதவர்களுக்குப் போகாது.

வருடத்துக்கு 24,000 ரூபாய் கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12,000 பக்கத்துக்கு, 8,000 தூரத்துக்கு, மீதி 4,000 பேரிடருக்கு என்று நான் பிரிப்பேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். வீட்டில் நோயாளி இருந்தால், கடன் இருந்தால், தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். பாதியைப் பக்கத்துக்கு வைக்கச் சொல்வதற்குக் காரணம், பணத்தோடு நம் நேரமும் கண்ணும் அங்கே சேர்ந்து போகும் என்பதுதான். நேரம் கொடுக்கவே முடியாதவர் என்றால் தூரத்துப் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கொடுக்கும்போது

ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு நம் ஊரிலிருந்து காரில் நோட்டும் பையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் போகிறார்கள். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப் பை எல்லாம் அரசே தருகிறது. மலைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் உண்டு. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் எது குறைகிறது? அதைப் பள்ளியில்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்ட ஒரு பள்ளியில் தலைமையாசிரியை சொன்னார்: "மேடம், நோட்டு நிறைய இருக்குங்க. கழிவறை கழுவ ஆள் இல்லை. மாசா மாசம் சம்பளம் கொடுக்க யாராவது கிடைச்சா, பெரிய பொண்ணுங்க லீவு போடாம வருவாங்க." கழிவறை கழுவுகிற அம்மாவுக்கு மாதச் சம்பளம் கொடுப்பதைப் படம் எடுத்துப் போட முடியாது, பெயர்ப் பலகை வைக்க முடியாது. ஆனால் அந்தப் பள்ளிக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆகவே உள்ளூரில் எங்கே போனாலும், "என்ன வாங்கித் தரட்டும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "யாரும் கொடுக்காத செலவு எது?" என்று கேளுங்கள். கரண்ட் பில், வாட்ச்மேன் சம்பளம், ஆட்டோ வாடகை, செப்டிக் டேங்க் லாரி என்று பதில் வரும். அதைக் கொடுங்கள். ஒரே தடவை பெரிய தொகையாகக் கொடுக்காமல் மாதா மாதம் கொடுங்கள். அப்போதுதான் போய்ப் பார்க்க உங்களுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

மலை ஏற முடியாதவர்களுக்கு, 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. நீங்கள் படித்த அரசுப் பள்ளியையே தேர்ந்தெடுத்து அதன் இணையதளம் வழியாகக் கொடுக்கலாம். கொடுத்த பிறகு அந்தப் பள்ளிக்கு ஒரு எட்டு போய் வாருங்கள்.

குழந்தைகள் இல்லங்களைப் பற்றி எனக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிறந்தநாள், திருமண நாள், தீபாவளி என்றால் அங்கே பிரியாணியும் கேக்கும் குவிகின்றன. ஜூன் மாதம் காலேஜ் ஃபீஸ் கட்டும்போது கேட்பாரில்லை. போன் செய்து, எந்த மாதம், எந்தச் செலவு இடிக்கிறது என்று கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துவிடுங்கள். பதிவு இல்லாத இல்லம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் பணம் கொடுக்காதீர்கள். அங்கே பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட்டுப் பாட வைப்பதையும், கையில் தட்டைக் கொடுத்துப் படம் எடுப்பதையும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நன்றி சொல்லியே களைத்துப் போன முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பணம் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் செய்ய வேண்டியது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்பது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்து அவர்களோடு ஒருநாள் அலைந்தால், நீங்கள் கொடுக்கும் 5,000 ரூபாயைவிடப் பெரிய உதவி. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தனிநபர் கணக்குக்குப் போடாமல் மருத்துவமனைக் கணக்குக்கே கட்டுங்கள். இணையத்தில் பணம் திரட்டும் தளங்கள் சிலவற்றில், நீங்கள் கொடுக்கும் தொகையோடு தளத்துக்கும் ஒரு பங்கு முன்கூட்டியே சேர்த்துக் காட்டப்படும். அதைப் பூஜ்யமாக மாற்ற வழி இருக்கும், தேடிப் பாருங்கள்.

உள்ளூர் என்றால் பள்ளி, ஆஸ்பத்திரி மட்டும் இல்லை. கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரியைப் பாருங்கள். 2010 வாக்கில் குடிமக்கள் சேர்ந்து, பொதுமக்கள் பணத்தைப் போட்டு ஏரியைத் தூர்வாரி, அந்த மண்ணிலேயே திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். கொடுத்தவர்கள் கரையில் நின்று பார்க்க முடிந்தது. உள்ளூர் நன்கொடைக்கு இதைவிட நல்ல ரசீது கிடையாது.

தூரத்தில் கொடுக்கும்போது

நேரில் போய்ப் பார்க்க முடியாது. ஆகவே எளிமையான, எண்ணக்கூடிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். கொசுவலை, தடுப்பூசி, வைட்டமின் ஏ, நேரடியாகப் பணம் கொடுப்பது போன்றவை. "சமூக மாற்றம்", "அதிகாரமளித்தல்" என்றெல்லாம் சொல்லும் வேலை மோசம் என்று சொல்லவில்லை. அது நடக்கிறதா என்று சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மால் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

கொசுவலையை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2023-ல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மருந்து ஏற்றிய வலை ஒன்று சுமார் 2 டாலர். அதில் இரண்டு பேர் படுக்கலாம், மூன்று வருடம் அளவுக்குப் பயன்படும். நாம் ஒதுக்கிய 8,000 ரூபாய்க்கு நாற்பது வலை பக்கம் வரும். நம் ஊரில் அதே பணத்துக்கு இந்த அளவு உயிர்காக்கும் வேலை ஒன்றைத் தேடிப் பார்த்திருக்கிறேன், எனக்கு அகப்படவில்லை. காங்கோவில் படுத்திருக்கும் குழந்தைக்கும் நம் தெருக் குழந்தைக்கும் காய்ச்சல் ஒன்றுதான். நமக்குத் தெரியாத முகம் என்பது அந்தக் குழந்தையின் குறை இல்லையே.

அமைப்பைச் சரிபார்ப்பது நினைப்பதைவிட எளிது. இங்கிலாந்தில் பதிவான அமைப்பு என்றால், அங்கே தர்ம அமைப்புகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் வரவு செலவு இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்க அமைப்பு என்றால் படிவம் 990 என்ற ஆண்டுக் கணக்கு பொதுவில் இருக்கும். 2007-ல் அமெரிக்காவில் தொடங்கிய கிவ்வெல் என்ற குழு, எந்த அமைப்பின் வேலைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று ஆராய்ந்து வெளியிடுகிறது. அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் என்ற கொசுவலை அமைப்பு, எந்த நாட்டில் எத்தனை வலை போனது என்று தன் தளத்தில் போடுகிறது. "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வலை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஆள் வைத்துச் சரிபார்ப்பதும் நிர்வாகச் செலவுதான், அந்த ஆள் நமக்கு வேண்டும்.

பணம் அனுப்புவது எப்படி? இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம் அனுமதிக்கிறது. அதில் நன்கொடையும் அடங்கும். வங்கிக்குப் போனால், பணம் எதற்குப் போகிறது என்று எழுதிக் கொடுக்கும் ஏ2 படிவம் கேட்பார்கள், பான் கட்டாயம். மொத்தமாக 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிசிஎஸ் என்ற வரியை வங்கியிலேயே பிடிப்பார்கள், நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் 8,000 ரூபாயை ஸ்விஃப்ட் என்ற வங்கிக்கு வங்கி அனுப்பும் முறையில் அனுப்பினால் வங்கிக் கட்டணம், ஜிஎஸ்டி, நடுவில் இருக்கும் வங்கியின் பிடித்தம் என்று நல்ல பங்கு வழியிலேயே கரைந்துவிடும். சின்னத் தொகைக்குக் கார்டுதான் மேல். பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை நாணய மாற்றுக் கட்டணம் ஆகும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, பணம் போனதும் மறுபடி மூடிவிடுங்கள். இதை வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

வரிச் சலுகை, 80ஜி என்று நாம் சொல்வது, வெளிநாட்டு அமைப்புக்கு நேராக அனுப்பும் பணத்துக்குக் கிடையாது. உள்ளூரிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அரிசி, துணியாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. எனவே பலருக்கு இது முடிவை மாற்றும் விஷயம் அல்ல.

உள்ளூரும் வெளிநாடும் கலக்கும் இடங்கள்

2022-ல் இலங்கையில் நெருக்கடி வந்தபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள் என்று அனுப்பியது. பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். "வெளிநாட்டுக்கு எதுக்கு?" என்று அப்போது என்னிடம் கேட்டவர்களுக்கு, நம் சேலம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பது தெரியவில்லை. அங்கே படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? நான் பக்கத்துக் கணக்கில்தான் சேர்ப்பேன், பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடிகிறதே.

இன்னொன்று வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள். என் அக்கா மகன் அயர்லாந்தில் இருக்கிறான். "சித்தி, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து பணம் போடறோம், நம்ம ஊர் டிரஸ்ட்டுக்கு அனுப்பட்டுமா?" என்றான். நிறுத்தச் சொன்னேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஐரிஷ் நண்பர்களின் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகும். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினாலும், கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ஆகும். அதை வாங்க அந்த டிரஸ்ட்டுக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அது முதலில் வர வேண்டும். தெரியாமல் அனுப்பிவிட்டால் மாட்டிக்கொள்வது நல்ல வேலை செய்யும் சின்ன டிரஸ்ட்தான்.

பேரிடர்ப் பங்கு

வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் துணி அனுப்பாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழந்துணி தெருவோரம் குவிந்து கிடந்தது, அதை அகற்றுவதே தனி வேலையாகிப் போனது. பணமாகக் கொடுங்கள். முதல் வாரத்தில் பாதி, மூன்று மாதம் கழித்து மீதி. தொலைக்காட்சிக் கேமரா போன பிறகுதான் வீடு கட்டும் செலவு ஆரம்பிக்கும்.

மார்ச் வரை பெரிய பேரிடர் எதுவும் வரவில்லை என்றால், அந்த 4,000-ஐ அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்க வேண்டாம். பள்ளியில் கழிவறை கழுவுகிற அந்த அம்மாவுக்குக் கோடை விடுமுறை மாதங்களில் சம்பளம் வராது. அதற்குக் கொடுங்கள்.