நிருபங்களையும் வெளிப்படுத்தலையும் எங்கேருந்து ஆரம்பிச்சு எப்படி படிக்கிறது

நிருபங்கள் படிக்கலாம்னு உக்கார்றவங்க நெறைய பேர் ரோமர்ல ஆரம்பிச்சு அஞ்சாறு அதிகாரத்துல நிறுத்திடுறாங்க, வெளிப்படுத்தலுக்கு வந்தா நேரா 13-ஆம் அதிகாரத்துக்குப் போயி, அங்க வர்ற மிருகத்தோட எண் 666 யாருன்னு தேடுறாங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்னு நினைக்கிறேன். இதெல்லாம் கடிதம்ங்கிறத மறந்துடுறாங்க, ஒரு ஊர்ல வாழ்ந்த மனுஷங்களுக்கு அப்ப இருந்த பிரச்சனைக்காக வந்தது. வெளிப்படுத்தலும் அப்படித்தான், 1:4-ஐ பாருங்க, ஆசியாவில இருக்கிற ஏழு சபைக்கு யோவான் எழுதறதுன்னுதான் இருக்கு.

ரோமர விட்டுட்டு பிலேமோன்ல ஆரம்பிங்க. மொத்தமே 25 வசனம், ஒரே மூச்சுல, வாய்விட்டு படிங்க. ஒநேசிமுன்னு ஒரு அடிமை, அவன அவனோட எஜமான்கிட்ட பவுல் திருப்பி அனுப்புறாரு, இனிமே அடிமையா இல்ல சகோதரனா ஏத்துக்கோன்னு கேக்குறாரு. ஆனா 2-ஆம் வசனத்த கவனிங்க, கடிதம் பிலேமோனுக்கு மட்டும் இல்ல, அவர் வீட்ல கூடுற சபைக்கும் சேர்த்துதான், அதாவது எல்லாரும் கேட்டுட்டு இருக்கும்போது அவர் முடிவு எடுத்தாகணும். 22-ல எனக்கு தங்க இடம் ரெடி பண்ணி வைன்னு வேற சொல்றாரு, நேர்ல வந்து பாக்கப் போறாரு. தனித்தனி வசனமா மனப்பாடம் பண்ணினா இந்த அழுத்தம் தெரியவே தெரியாது. புதிய ஏற்பாட்டுக்கு இப்ப இருக்கிற வசன எண்ணே 1551-ல வந்த அச்சுப் பதிப்புல போட்டதுதான், அதனால முதல் வாசிப்புல எண்ண கண்டுக்காதீங்க.

அடுத்தது 1 தெசலோனிக்கேயர். பவுல் கடிதங்கள்ல இதுதான் ரொம்ப பழசுன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க, கி.பி. 50 வாக்குல. எப்படி அவ்ளோ கிட்டக்க சொல்றாங்கன்னா, அப்போஸ்தலர் 18-ல பவுல் கொரிந்துல கல்லியோன் முன்னாடி நிக்கிறாரு இல்லையா, அந்த கல்லியோன் பேர் இருக்கிற ஒரு கல்வெட்டு கிரேக்க நாட்டுல டெல்பியில கிடைச்சிருக்கு, அத வச்சு அவர் 51-52 வாக்குல கொரிந்து இருந்த மாகாணத்துக்கு ஆளுநரா இருந்தார்னு கணக்கு போட முடியுது, பவுல் கொரிந்துல இருந்த அந்த சமயத்துலதான் இந்தக் கடிதத்த எழுதினார்னு கருதுறாங்க. இந்தக் கடிதத்துல 4:13-லேருந்து மெதுவா படிங்க. இயேசு திரும்பி வர்றதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்க செத்துப் போயிட்டாங்களே, அவங்க கதி என்னன்னு அந்த சபை தவிச்சிருக்கு, அதுக்கு பதில் சொல்லும்போதுதான் எக்காளம், பிரதான தூதன் எல்லாம் வருது. கடைசியில இந்த வார்த்தைகளால ஒருத்தர ஒருத்தர் தேத்துங்கன்னு முடிக்கிறாரு. துக்கத்துல இருந்தவங்களுக்கு ஆறுதலா வந்த பேச்சு, இத மனசுல வச்சுக்கிட்டா பின்னாடி வெளிப்படுத்தல் படிக்கும்போது பயம் பாதி குறையும்.

1 கொரிந்தியருக்கு ஒரு நோட்டு வேணும். இங்க நம்ம கையில பதில் மட்டும்தான் இருக்கு, கேள்வி இல்ல. 7:1, 7:25, 8:1, 12:1, 16:1 இந்த இடங்கள்ல "குறித்து"ன்னு ஒரு புது விஷயம் ஆரம்பிக்கும், அவங்க எழுதிக் கேட்டதுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றாருன்னு தோணும். ஒவ்வொரு இடத்துலயும் அவங்க என்ன கேட்டிருப்பாங்கன்னு உங்க சொந்த வார்த்தையில எழுதிப் பாருங்க. 5:9-ல ஏற்கனவே ஒரு கடிதம் எழுதினேன்னு வேற சொல்றாரு, அது நமக்கு வந்து சேரல.

பவுல் பேர்ல இருக்கிறது 13, அதுல ரோமர், ரெண்டு கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் இந்த ஏழும் அவரே எழுதினதுன்னு கிட்டத்தட்ட எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கிறாங்க, மத்ததுல விவாதம் இருக்கு. இது தெரிஞ்சா விசுவாசம் ஆடிப்போயிடும்னு பயப்பட வேண்டாம், தெரிஞ்சுக்கிட்டே படிங்க. மொழிபெயர்ப்புல பழைய திருப்புதலையும் (சபைகள்ல நெடுநாளா படிக்கிற பழைய தமிழ் பைபிள்) 1995-ல வந்த திருவிவிலியத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டா போதும், ஒண்ணுல முடிச்சா இருக்கிற வாக்கியம் இன்னொண்ணுல அவிழும்.

இப்ப வெளிப்படுத்தல். 2, 3 அதிகாரத்த முடிக்காம மிருகத்துகிட்ட போகாதீங்க. மேற்கு துருக்கி மேப் ஒண்ணு எடுத்து எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா எல்லாத்தையும் புள்ளி வைங்க, ஒரு ஆள் கடிதத்த எடுத்துட்டு ஊர் ஊரா சுத்தி வர்ற மாதிரியே வரிசை இருக்கும். சிமிர்னாதான் இன்னைக்கு இஸ்மிர். பெர்கமுல சாத்தானோட சிங்காசனம்னு ஒரு வார்த்தை வருது, ரோம் பேரரசர வணங்குறதுக்கு கி.மு. 29-லயே கோயில் கட்ட அனுமதி வாங்கின ஊரு அது. லவோதிக்கேயா கி.பி. 60-ல பூகம்பத்துல இடிஞ்சும் ரோம்கிட்ட உதவி வாங்காம தானே எழுந்துச்சுன்னு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்காரு, இப்ப 3:17 படிங்க, எனக்கு ஒரு குறையும் இல்லன்னு அந்த சபை சொல்றது காதுல கேக்கும்.

அப்புறம் பழைய ஏற்பாட்ட பக்கத்துல திறந்து வைங்க, இதுதான் நெறைய பேர் செய்யாத வேலை. நாலாம் அதிகாரத்துக்கு எசேக்கியேல் 1, குதிரைகளுக்கு சகரியா 6, எக்காளங்களுக்கும் கலசங்களுக்கும் யாத்திராகமத்து வாதைகள், 13-க்கு தானியேல் 7. தானியேல்ல சிங்கம், கரடி, சிறுத்தைன்னு தனித்தனியா வந்தது இங்க ஒரே மிருகத்துல சேர்ந்து நிக்குது. பழைய பேரரசுங்க எல்லாத்தோட கொடுமையும் ஒண்ணா சேர்ந்தா எப்படி இருக்குமோ அதத்தான் அந்த சபைகள் ரோம்ல பாத்திருக்காங்க, 17:9-ல ஏழு மலைன்னு வேற வருது, ரோம் ஏழு குன்று மேல இருக்கிற ஊர்னு பேர் வாங்கினது.

666-க்கு வர்றேன். எபிரேயத்துல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. ரோம் பேரரசர் நீரோவோட பேர கிரேக்க முறையில "நீரோன் சீசர்"னு எபிரேய எழுத்துல எழுதி கூட்டினா 666 வரும், நீரோன்ல கடைசியில இருக்கிற "ன்" எழுத்த விட்டுட்டா 616. எகிப்துல கிடைச்ச ஒரு பழைய பாப்பிரஸ் பிரதியில 616-ன்னே இருக்கு, அதனால நீரோ விளக்கம்தான் எனக்கு பொருத்தமா படுது. பார்கோடு, இன்னைக்கு இருக்கிற தலைவர்னு போறதுக்கு முன்னாடி, சிமிர்னால உக்காந்து இத காதால கேட்ட ஒருத்தருக்கு என்ன புரிஞ்சிருக்கும்னு கேளுங்க. வெளிப்படுத்தல் எழுதின காலம் பேரரசர் டொமிஷியன் ஆட்சியோட கடைசி, சுமார் 95-ன்னு நெறைய பேர் சொல்றாங்க, நீரோ செத்த காலத்த ஒட்டின்னு சொல்றவங்களும் இருக்காங்க, ரெண்டையும் வச்சு ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

இதெல்லாம் முடிஞ்சா அந்தியோகியா சபையோட பிஷப் இக்னேஷியஸ் எழுதின ஏழு கடிதங்கள எடுங்க. ரெண்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல சாவுத் தண்டனைக்காக ரோமுக்கு கூட்டிட்டுப் போற வழியில எழுதினது, அதுல எபேசு, சிமிர்னா, பிலதெல்பியா மூணு சபைக்கும் கடிதம் இருக்கு, யோவான் எழுதின அதே ஊர்கள் அப்புறம் எப்படி இருந்துச்சுன்னு அதுல பாக்கலாம்.