பம்பர் கோணலா, வண்டி சாய்வா? அம்பாசிடரில் செய்யக்கூடாத தவறுகள்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மதுரையில் பழைய அம்பாசிடர்களுக்குத் தனி மவுசு. துடைத்து, மெருகேற்றி, முன் பம்பரில் மல்லிகைச் சரத்தைக் கட்டும்போதுதான் பலருக்கும் விஷயம் கண்ணில் படுகிறது. சரம் ஒரு பக்கம் இறங்கி நிற்கும். அந்த நிமிடமே ஸ்பேனரைத் தேடி ஓடுவதுதான் முதல் தவறு.

நானும் அப்படித்தான் ஓடினேன். எங்கள் வீட்டு அம்பாசிடர் மார்க் 4-இல் பம்பரின் இடது பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. தரையிலிருந்து டேப் பிடித்து, வாஷர் கொடுத்து, இரண்டு முனையும் சம உயரத்துக்கு வரும்படி பூட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் முன்பைவிட அசிங்கம். பம்பர் நேராக இருந்தது. கிரில்லும் ஹெட்லைட்டும் அதற்குமேல் சாய்ந்து தெரிந்தன. தெப்பக்குளம் பக்கம் நாற்பது வருடமாக டிங்கரிங் செய்யும் பெரியவர் ஒருவர் ஒரே பார்வையில் சொன்னார்: "தம்பி, பம்பர் கோணல் இல்ல, வண்டிதான் சாஞ்சிருக்கு."

பழைய அம்பாசிடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்சன் பார் என்ற நீள எஃகுத் தண்டு, பக்கத்துக்கு ஒன்று, முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகிறது. அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழியாக வந்த ஏற்பாடு இது. வருடங்கள் போகப்போக அந்தத் தண்டு தளரும். இரண்டும் ஒரே அளவில் தளராது. அதனால் தரையை நம்பாதீர்கள். முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். வண்டியை மட்டமான தளத்தில் நிறுத்துங்கள். தெருவில் வேண்டாம், நம் தெருக்கள் எல்லாமே சாக்கடைப் பக்கம் சரிந்தவை. சந்தேகமிருந்தால் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் தளத்தையும் பார்த்துவிடலாம். பிறகு முன்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு வித்தியாசப்பட்டால் பம்பரைத் தொடவே வேண்டாம். டார்சன் பாரை ஏற்றி வைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள். மட்கார்டு எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் அந்த விளிம்பும் சாட்சிக்கு உதவாது. அப்போது பாடிக்கு அடியில் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் துளை எதையாவது வைத்துத் தளம்வரை அளக்க வேண்டும்.

சரி, வண்டி மட்டமாகத்தான் நிற்கிறது, பம்பர்தான் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த ஆபத்து வேப்பமரம். பம்பரில் செயினைக் கட்டி மரத்தோடு பிணைத்து ரிவர்ஸ் எடுக்கும் வைத்தியத்தை நம் ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். பட்டறை ஒன்றில் என் கண்முன்னே நடந்தது. பம்பர் வெளியே வந்தது, கூடவே அதைத் தாங்கும் பிராக்கெட் பூட்டியிருந்த மெம்பரும், அதாவது பாடியின் அடிச்சட்டமும், வளைந்து வந்தது. லாரிக்கு இருப்பதுபோல அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் இல்லை. பாடியும் மெம்பரும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. ஒன்றை இழுத்தால் பானெட் இடைவெளி, மட்கார்டு, எல்லாம் சேர்ந்து நகரும். அந்தப் பானெட்டை மறுபடி ஒழுங்காக மூடவைக்க ஒரு மாதம் அலைந்தேன்.

எனவே பம்பரைக் கழற்றி, தனியே தரையில் வைத்துப் பாருங்கள். பம்பர் பட்டை வளைந்ததா, பிராக்கெட் வளைந்ததா, மெம்பரா? பட்டையின் இரு முனைக்கும் நூல் இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து சம தூரத்தில் இரு பக்கமும் நூலுக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் பட்டையின் குணம் தெரிந்துவிடும். பிராக்கெட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். மெம்பருக்குக் குறுக்களவு எடுங்கள்: இடது முன் துளையிலிருந்து வலது பின் துளை, வலது முன்னிலிருந்து இடது பின். இரண்டும் ஒத்துவராவிட்டால் அது நம் வீட்டு முற்றத்தில் முடிகிற வேலை இல்லை.

கழற்றும்போதே இன்னொரு சேதம் நடக்கும். பழைய அம்பாசிடரின் நட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் மூலை மழுங்கும். துருப்பிடித்த நட்டில் இந்தச் சின்ன இடைவெளியே போதும். அங்குல ஸ்பேனரை வாங்கிவிடுங்கள். முதல்நாள் இரவே டீசல் விட்டு ஊறவைத்தால் காலையில் பாதி நட்டு கையோடு வரும்.

பட்டையில் சுத்தியலை நேராக இறக்காதீர்கள். மேலே மின்னுவது மைக்ரான் கணக்கிலான குரோம். அதற்குக் கீழே நிக்கல், பெரும்பாலும் அதற்கும் கீழே செம்பு. ஓர் அடியில் விரிசல் விட்டால் அடுத்த மழைக்கு உள்ளே துரு இறங்கும். கேஸ் வைத்துச் சூடாக்கினால் நீலம் பாய்ந்துவிடும், பிறகு உரிந்து வரும். பின்பக்கமிருந்து மரக்கட்டை கொடுத்து மெதுவாகத் தட்டலாம். பெரிய வளைவு என்றால் முழுவதும் நேராக்கி முடித்த பிறகே முலாம் பூசக் கொடுங்கள். 2014 மே மாதத்தோடு மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. கடையில் கிடைக்கும் மெல்லிய தகட்டுப் பம்பரைவிட உங்கள் பழைய கனமான பட்டை எவ்வளவோ மேல். அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போகக் கூடாது. எல்லா போல்ட்டையும் கைவிரல் இறுக்கத்தில் வையுங்கள். ஒருவர் பம்பரைத் தாங்க, இன்னொருவர் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். பிராக்கெட்டில் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் பம்பர் ஓரத்தில் அதைவிடக் கூடுதலாகத் தெரியும். பம்பர் சரியாக உட்கார்ந்ததும் இடது, வலது என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பம்பரில் நிமிர்ந்து நிற்கும் கொம்புகளைக் கடைசியில் மாட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் பாதுகாப்புக்கென்று முன்னால் கிராஷ் கார்டு பூட்டச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அது சட்டப்படி தவறு, அதன் எடையும் அதே பிராக்கெட்டில்தான் தொங்கும்.

அப்புறம் அழகர்கோவில் வரை ஒருமுறை ஓட்டிப்போய் வாருங்கள். போக வர சுமார் நாற்பது கிலோமீட்டர், நடுவே வேகத்தடைகளும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அதே அங்குல ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நட்டாவது கால் திருகு இறங்கும்.