கப் டெலிபோன்: சூட்சுமம் நூலில்தான்

இரண்டு காகிதக் கப், கொஞ்சம் நூல், இரண்டு தீக்குச்சி போதும். கப்பின் அடியில் நடுவே ஊசியால் ஒரு சின்னத் துளை (இதை மட்டும் பெரியவர்கள் போட்டுக் கொடுங்கள்). நூலை வெளியிலிருந்து உள்ளே நுழைத்து, மருந்து நீக்கிய தீக்குச்சித் துண்டில் முடிச்சுப் போட்டால் உருவி வராது. நூல் 5 முதல் 10 மீட்டர் இருக்கலாம்.

பலரும் சொதப்புவது அப்புறம்தான். குரலின் அதிர்வு நூல் வழியாகத்தான் போகிறது. அது தொய்ந்தால் ஒன்றும் கேட்காது. விறைப்பாகப் பிடிக்க வேண்டும். கதவிலோ சுவரிலோ உரசினாலும் சத்தம் அமுங்கிவிடும். ரொம்ப இழுத்தால் கப் கிழியும், அது வேறு கதை!

மூன்றாவதாக ஒரு வாண்டு சண்டைக்கு வந்தால், நூலின் நடுவில் இன்னொரு நூலை முடிந்து, அதன் நுனியில் மூன்றாவது கப்பை மாட்டிவிடுங்கள். மூன்று நூலும் விறைப்பாக இருந்தால் மூவருக்கும் கேட்கும்.