வீட்டுவசதித் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது: வேலூரை முன்வைத்து

ஓர் உள்ளாட்சி அமைப்பு வீட்டுவசதித் திட்டம் வகுக்க முற்படும்போது, 'கையில் எவ்வளவு நிலம் இருக்கிறது?' என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக எழுகிறது. ஊருக்கு வெகு தொலைவில் ஒரு புறம்போக்கு அகப்பட்டதும் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பினால், ஒதுக்கீடு பெற்றவர்களில் பலர் பிழைப்பை முன்னிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமில்லை என்பது உண்மையே; ஆனால் விடியுமுன் வேலைக்குப் புறப்படுபவருக்கு அந்த நேரத்தில் பேருந்தும் ஓட வேண்டுமே! ஆகவே நிலத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, யார் எங்கே எப்படிக் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கிலிருந்து தொடங்குவதே முறை.

இந்தக் கணக்குக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் நம்ப இயலாது. அதில் வேலூர் மாவட்டம் என்று இருப்பது, 2019இல் பிரிந்த இராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் உள்ளடக்கிய பழைய மாவட்டம். மாநகராட்சியும் சத்துவாச்சாரி, காட்பாடி பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு இன்று 60 வார்டுகளாக விரிந்திருக்கிறது. எனவே சொத்து வரிப் பதிவேடு, குடும்ப அட்டைப் பட்டியல், மின் இணைப்பு விவரம் ஆகிய மூன்றையும் வார்டு வாரியாக ஒப்பிட வேண்டும். ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்ப அட்டைகள் இருந்தால் அங்கே நெருக்கடி இருக்கக்கூடும். மாதக்கணக்கில் மின்சாரமே செலவாகாத வீடு பூட்டிக் கிடக்கக்கூடும். இரண்டையும் நேரில் சென்று பார்த்த பின்னரே உறுதி செய்ய வேண்டும்.

வேலூரில் எளிதில் விடுபட்டுப் போகிறவர்கள் வாடகைதாரர்கள். 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறிய மருத்துவமனை இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக (சிஎம்சி) வளர்ந்து, வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் எனத் தொலைதூரத்திலிருந்து நோயாளிகளை ஈர்க்கிறது. அவர்களுடன் வருபவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். காட்பாடியில் விஐடி பல்கலைக்கழக மாணவர்களும் அறை தேடுகிறார்கள். மாத வாடகையைவிட நாள் வாடகை இலாபகரமானது என்று கருதும் உரிமையாளர் வீட்டை விடுதியாக்கும்போது, அங்கே குடியிருந்த துப்புரவுப் பணியாளரோ ஆட்டோ ஓட்டுநரோ இடம்பெயர நேர்கிறது. சொந்த வீடு கேட்டு மனு கொடுத்தவர்களின் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்காது. மனுப் பட்டியலையே தேவைப் பட்டியலாகக் கொள்வதைத்தான் இத்தகைய திட்டங்களின் முதற்பெரும் பிழையாக நான் கருதுகிறேன். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கூறுவதால், அந்தப் பதிவுகளையும் கேட்டுப் பெறலாம். பதியாதவை ஏராளமாக இருக்கும் என்பதால் கள ஆய்வு அப்போதும் தேவைப்படும்.

இதற்குப் பிறகே நிலம். வருவாய்த் துறையினரோடு அமர்ந்து, நிலங்களின் வகைப்பாட்டைக் காட்டும் 'அ' பதிவேட்டைப் பார்த்து, நத்தம், நீர்நிலைப் புறம்போக்கு, அரசுத் துறைகள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மனைகள் எனத் தனித்தனியே வரைபடத்தில் வண்ணமிட வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் எட்டிய இடங்களையும் அதே வரைபடத்தில் குறிப்பது நல்லது. அந்த எல்லைக்குள்ளும் ஏரிக்கரைகளிலும் வசிப்பவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் ஒதுக்காமல், வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தொலைவில் மாற்று வீடு தேவைப்படுவோர் எனத் தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். சத்துவாச்சாரியின் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு போன்ற பழைய பகுதிகளில் பழுதுபார்ப்பே போதுமா என்பதையும் இப்போதே கேட்டுவிடலாம்.

நிதியைப் பொறுத்தவரை எல்லைதான் சிக்கல். 2024இல் மாநில அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஒரு வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய் வழங்குகிறது. அது ஊரகப் பகுதிக்கு உரியது. மாநகராட்சிக்குள் வருபவர் நகர்ப்புற வீட்டுத் திட்டங்களையே நாட வேண்டும். இதனால் விளிம்பில் உள்ள ஊராட்சிகளையும் தொடக்கத்திலேயே கூட்டத்துக்கு அழைப்பது அவசியம்.

எல்லா வார்டுகளிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு அருகில் ஒன்று, ஆற்றோரத்தில் ஒன்று என இரண்டு வார்டுகளைத் தேர்ந்து, பொறுப்பாளர் பெயரும் முடிக்க வேண்டிய மாதமும் குறித்த ஒரு பக்கத் தீர்மானத்தை மாமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு, வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தைக் கூலி வேலைக்குச் செல்பவர்கள் வீடு திரும்பும் மாலை நேரத்தில் வைத்துக் கணக்கைத் தொடங்கலாம்.