பழைய ரிமோட் படகுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

பழைய ரிமோட் படகு கைக்கு வந்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பேட்டரியையும், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரையும் கழற்றிவிட்டு, உள்ளே டிஷ்யூ பேப்பர் விரித்து, அண்டாத் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்க விடுங்கள். பேப்பர் நனையும் இடத்தில்தான் கோளாறு. பெரும்பாலும் புரொப்பல்லர் தண்டு வெளியே வரும் குழாய்தான். அதில் கிரீஸ் நிரப்பினாலே பாதித் தொல்லை தீரும்.

அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துப் படகைத் தேய்த்து, காயவிட்டு, பிரைமர் அடியுங்கள். அதன்மேல் மெல்லிசாக இரண்டு மூன்று கோட் பெயின்ட். செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருப்பவர்கள் ஜூன், ஜூலைச் சாரலில் ஸ்பிரே பெயின்ட்டைத் தொடவே வேண்டாம். காற்றின் ஈரம் படிந்து, பளபளப்பு போய், வெள்ளை பூத்துவிடும். பெயின்ட் படக்கூடாத இடத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை மட்டும் பெயின்ட் முழுக்கக் காய்வதற்குள் உரித்துவிடுங்கள்; ஓரம் பிசிறில்லாமல் வரும்.