ஹார்ட் டிஸ்க்கில் டக் டக் சத்தம் வந்தால் முதலில் அணையுங்கள்

அம்பாசமுத்திரத்தில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். போன பங்குனியில் கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து வில்லுப்பாட்டு அண்ணாச்சி ஒருவர் மஞ்சப்பையில் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"தாயி, உள்ளுக்க குடத்துல தாளம் தப்புன மாதிரி சத்தம் வருது. கேட்டுப் பாரு."

மேசையில் வைத்துக் காதை ஒட்டினேன். டக்... டக்... கொஞ்சம் நின்று மறுபடி டக். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். அண்ணாச்சி பதறிப்போனார். "மொதல்ல அது ஓடுதத நிப்பாட்டணும் அண்ணாச்சி" என்றேன். பன்னிரண்டு வருஷத்துக் கோயில் கொடைவிழாப் பாட்டுப் பதிவுகள் அதில் இருந்தன. காலமாகிவிட்ட அவருடைய அப்பா பாடியதும் அதில்தான். வேறெங்கும் நகல் இல்லை.

அவசரமாக அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். படிக்கும் ஹெட் அதற்குமேல் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கும். ஹெட் கெட்டுத் தட்டில் உரசினால் அந்தக் கோட்டில் இருந்த பதிவு போய்விடும். கிளம்பும் தூள் மற்ற இடத்தையும் கெடுக்கும். அது ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் உங்கள் ஃபைல்களிலிருந்துதான் கழிகிறது. அதனால் அந்த டிஸ்க்கிடம் ஒரே ஒரு வேலைதான் வாங்க வேண்டும்: நகல் எடுப்பது. தேடுவது, திறந்து பார்ப்பது, பழுது நீக்குவது எல்லாம் நகலில்தான்.

அண்ணாச்சி என்னிடம் வருமுன் வேறொரு கடையில் காட்டியிருக்கிறார். அங்கே விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற பழுது நீக்கும் கருவியை ஓடவிட்டு, பாதியில் நின்றுபோக, திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. செக்டிஸ்க் ஃபைல் அட்டவணையைச் சீர்செய்கிறேன் என்று அதே டிஸ்க்கில் எழுதும். டிஸ்க்கே சாகக் கிடக்கும்போது அது கூடவே கூடாது. விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று மூடுங்கள். தட்டிப் பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது, மூடியைக் கழற்றுவது எதுவும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்ததைப்போல் தண்ணீர் பட்ட டிஸ்க் என்றால், வெயிலில் காயவைத்து கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். அது நேராக டேட்டா ரெக்கவரி லேபுக்குப் போக வேண்டியது.

டக் டக் சத்தம் விடாமல் வந்தாலும், பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில்) டிஸ்க்கின் பெயரே வராவிட்டாலும் லேபுதான். அண்ணாச்சியிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன். அந்தச் செலவு கட்டாது என்றார். பயாஸில் டிஸ்க்கின் பெயரும் 500 ஜிபி என்ற அளவும் சரியாக வந்தன. சத்தமும் விட்டுவிட்டுத்தான் வந்தது. மொத்தமும் போய்விடவும் கூடும் என்று சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் கை வைத்தேன்.

டிஸ்க்கைக் கழற்றி டெஸ்க்டாப்பின் சாட்டா போர்ட்டில் நேராகச் செருகினேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி கன்வெர்ட்டரும் ஆகும்தான். ஆனால் தகராறு பண்ணுகிற டிஸ்க்கில் அது அடிக்கடி இணைப்பை விட்டுவிடும். யூபிஎஸ் கட்டாயம். நம்மூர் வெயிலுக்கு டிஸ்க்குக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனும் வையுங்கள். விண்டோஸைத் திறக்காதீர்கள், தானாக எதையாவது எழுதும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் அதிலேயே இருக்கிறது.

நகலுக்கு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வேண்டும். அது ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜிபிக்குமேல் ஒரு ஃபைலை அது தாங்காது. டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர் வரிசையாகக் கொடுக்க வேண்டும்: பழைய டிஸ்க், முழு டிஸ்க்கின் நகலாகப் போகும் இமேஜ் ஃபைல், கணக்கு எழுதும் மேப் ஃபைல். டிஸ்க்குக்கு டிஸ்க் நகல் எடுப்பவர்கள் முதல் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க் பழையதன்மேல் எழுதப்பட்டு எல்லாம் அழிந்துவிடும். எது எது என்று அளவையும் மாடலையும் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் என்டர் தட்டுவேன், இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

முதல் சுற்றில் கட்டளையோடு மைனஸ் என் (-n) கொடுங்கள். நல்ல பகுதிகளை விறுவிறுவென்று அள்ளும். முரண்டு பிடிக்கும் இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப்போகும். இதுதான் சாதாரண காப்பி–பேஸ்ட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். எது வந்தது, எது பாக்கி என்று மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால், டிஸ்க் சூடானால் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தி, ஆறவிட்டு, அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைலைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டாம் சுற்றில் மைனஸ் என்-ஐ எடுத்துவிட்டு மைனஸ் ஆர் 3 (-r3) கொடுத்தால், பாக்கி இடங்களைச் சுரண்டிப் பார்த்து, வராததை இன்னும் மூன்று தடவை கேட்டுப் பார்க்கும்.

நல்ல 500 ஜிபி டிஸ்க் என்றால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அண்ணாச்சியுடையது இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் இழுத்தது. கடைசியில் திரையில் 99.97 சதவீதம். நான் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இமேஜை எழுதத் தடை போட்டு மவுன்ட் செய்தால், அதாவது ஒரு டிஸ்க்போலத் திறந்தால், ஃபோல்டர்கள் தெரியலாம். தெரியாவிட்டால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை இமேஜின்மேல் ஓட்டுங்கள், பெயரோடு கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள்; ஃபைல் வரும், பெயர் வராது. பிட்லாக்கர் (விண்டோஸின் பூட்டு) போட்ட டிஸ்க் என்றால் அதன் பாஸ்வேர்டோ 48 இலக்க ரெக்கவரி கீயோ இல்லாமல் நகலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கிடைத்த ஃபைலைப் பட்டியலில் பார்த்து நம்பாதீர்கள். திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். அண்ணாச்சி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு என் கடையிலேயே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டார். ஒரு சுடலைமாடன் கோயில் கொடைப் பதிவில் மட்டும், அப்பா பாடும்போது நாற்பது விநாடி சத்தமே இல்லை. அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டினார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அடிகளைத் தாமே பாடினார். என் போனில் பதிந்து, தனி ஃபைலாக அதே ஃபோல்டரில் போட்டு, இரண்டு டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தேன். ஒன்று அவரிடம் இருக்கிறது, மற்றது பாபநாசத்தில் மகள் வீட்டில்.