பாய்மரப் படகை வாடகைக்கு எடுப்பது எப்படி: சேலத்திலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

போன பிப்ரவரியில் நாங்கள் ஆறு பேர் தாய்லாந்தின் புக்கெட் பக்கம் ஐந்து நாள் பாய்மரப் படகிலேயே தங்கிவிட்டு வந்தோம். அக்கா, மாமா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். அதற்கு முன் எங்களுக்குப் பழக்கமான படகு ஏற்காடு ஏரியின் பெடல் படகுதான். திரும்பி வந்ததிலிருந்து அஸ்தம்பட்டியில் பார்ப்பவர்களெல்லாம் எப்படிப் போனீர்கள் என்று கேட்கிறார்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் சமாச்சாரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நேரே படகுக்கு வருகிறேன்.

படி 1: ஓட்டப்போவது யார்?

படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டினால் அது பேர்போட். ஓட்டுபவரோடு எடுத்தால் ஸ்கிப்பர் சார்ட்டர். கிரீஸ், குரோவேஷியா போன்ற நாடுகளில் பேர்போட் எடுக்கப் படகோட்டும் சான்றிதழ் கட்டாயம்; குரோவேஷியாவில் ரேடியோ இயக்குவதற்கும் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். முதல்முறை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்கிப்பரோடு போங்கள். அவருக்கு நாள்கூலி தனி. சாப்பாடும் படுக்க இடமும் நாம்தான் தரவேண்டும். நான்கு அறை இருக்கிறதே என்று எட்டுப் பேரைச் சேர்த்துவிட்டால் அவர் எங்கே படுப்பார்?

படி 2: மாதம்

புக்கெட்டுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். நமக்கு ஐப்பசி மழையைக் கொண்டுவரும் அதே வடகிழக்குக் காற்று, அங்கே நிலத்தைத் தாண்டி வருவதால் மேற்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று நேராக வந்து மோதும். பள்ளி விடுமுறை என்று மே மாதம் பார்க்காதீர்கள்.

படி 3: எந்தப் படகு

ஒற்றை உடல் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஓடும். கேட்டமரான் இரண்டு உடல் கொண்டது, அவ்வளவாகச் சாயாது. வாடகை அதிகம்தான். ஆனாலும் பிள்ளைகளோ பெரியவர்களோ உடன் வந்தால் நான் கேட்டமரான்தான் சொல்வேன். அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. தட்டு நழுவாமல் உட்கார்ந்து சாப்பிட முடிந்ததே அவருக்குப் பெரிய நிம்மதி.

படி 4: ஒப்பந்தம்

பாதித் தொகை முன்பணம், மீதி பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு என்பதுதான் பொதுவான வழக்கம். டீசல், சுத்தம் செய்யும் கட்டணம், தேசியப் பூங்காக் கட்டணம், கரைக்குப் போகும் சின்ன ரப்பர் படகு, இவையெல்லாம் வாடகைக்குள் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னதை நம்பவேண்டாம்.

படி 5: வைப்புத்தொகை

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். படகுக்குச் சேதம் வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு தொகை கேட்பார்கள். எங்களிடம் கேட்டது 1,00,000 பாட். இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல். ஒப்பந்தத்தில் படித்திருந்தேன். ஃபாரெக்ஸ் கார்டில் (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் கார்டு) பணம் ஏற்றியாயிற்று, போதும் என்று கிளம்பிவிட்டேன்.

படகுத்துறையில் அந்தக் கார்டை ஏற்க மறுத்துவிட்டார்கள். கிரெடிட் கார்டு மட்டும்தானாம். இந்தப் பணத்தை அவர்கள் எடுப்பதில்லை, கார்டு வரம்பில் நிறுத்தி வைக்கிறார்கள். படகு நல்லபடியாகத் திரும்பினால் விடுவிக்கிறார்கள். சரி என்று கிரெடிட் கார்டைக் கொடுத்தால் அதுவும் வேலை செய்யவில்லை. 2020 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், நாம்தான் திறக்கவேண்டும். ஆப்பில் திறக்கப் போனேன். ரோமிங் போடாத சிம்முக்கு ஓடிபி எப்படி வரும்? பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்கள். கடைசியில் மாமாவின் கார்டுதான் காப்பாற்றியது.

அதனால் ஊரிலேயே இதை முடித்துவிடுங்கள். வைப்புத்தொகையைவிடக் கார்டு வரம்பு அதிகமாக இருக்கவேண்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, அதன் உச்சவரம்பையும் ஏற்றுங்கள். ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் போடுங்கள். அப்புறம், "தொகையை நிறுத்தி வைப்பீர்களா, எடுத்துத் திருப்பித் தருவீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். எடுத்துத் திருப்பித் தந்தால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் மாற்று விகித வித்தியாசமும் நம் தலையில் விழும். திரும்பி வராத ஒரு சிறு தொகையைக் கட்டினால் வைப்புத்தொகையைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. முதல்முறை போகிறவர்கள் அதைக் கட்டிவிடுவதே மேல்.

படி 6: படகைக் கைக்கொள்ளும்போது

படகில் என்னென்ன, எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் முழுப் படகையும் வீடியோ எடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், ரப்பர் படகின் ஒட்டு, நங்கூரம் இழுக்கும் மோட்டார், கழிப்பறை பம்ப் எல்லாம் அதில் வரட்டும். கழிப்பறையில் காகிதம் உட்பட எதையும் போடக்கூடாது. அடைத்துக்கொண்டால் சரிசெய்யும் செலவு நம்முடையது.

எடுத்துப் போகவேண்டியவை

சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம், படகில் அதை வைக்க இடம் கிடையாது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பை போதும். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்கு வயிறு புரட்டுமோ, அவருக்குக் கடலிலும் புரட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, படகு கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் வயிற்றில் நிற்காது.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பருப்புப் பொடியும், வீட்டில் செய்த புளிக்காய்ச்சலும்தான் எங்களுக்கு ஐந்து நாள் கைகொடுத்தன. ஜவ்வரிசி வடகமும் கொண்டுபோயிருந்தோம். எண்ணெய்ச் சட்டி வைக்க ஸ்கிப்பர் விடவில்லை. ஆடும் படகில் கொதிக்கும் எண்ணெய் ஆபத்து. சமைத்து முடித்ததும் கேஸ் வால்வை மூடச் சொன்னார். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம்; கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கி, ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், கணவர் பெயரில் ஒப்பந்தமும் மனைவி பெயரில் கார்டும் இருந்ததால் தங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தார். எங்களுக்கு மாமாவின் கார்டை ஏற்றது அதிர்ஷ்டம் என்று இப்போது புரிகிறது. ஒப்பந்தம் யார் பெயரிலோ கார்டும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

இன்னொருவர் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டிருக்கிறார். புக்கெட்டில் சில படகுத்துறைகளின் வாய்க்கால் ஆழம் குறைந்தது, ஓதம் ஏறி (கடல் மட்டம் உயர்ந்து) வந்தால்தான் உள்ளே நுழைய முடியும். படகை ஒப்படைக்கும் நாளுக்கு மறுநாள் டிக்கெட் போடுங்கள்.